குறுக்கே பேசாத நோயாளி

விவாகரத்து கையில் கிடைத்த அடுத்த மாதமே, பல் டாக்டரின் நாற்காலியில் அவளுடைய முன்னாள் கணவன் வந்து உட்கார்ந்தான். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"ஊர்ல வேற பல் டாக்டரே இல்லையா?" என்றாள்.

"இருக்காங்க. ஆனா வலிக்காம பிடுங்கறதுக்கு உன்னை விட்டா ஆளில்லை."

மாஸ்க்குக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மரத்துப்போகும் ஊசியைப் போட்டாள். அவன் வாயில் பஞ்சை அடைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் குறுக்கே பேசாமல் அவள் பேசக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் இது! விடுவாளா?

"இப்ப எனக்கு உன்மேல கோபமே இல்லை, தெரியுமா? நமக்குள்ள ஒத்துவரல, அவ்வளவுதான். ஆனா நம்ம பொண்ணுக்கு நீ நல்ல அப்பா. யார் என்ன சொன்னாலும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

அவன் கண் கலங்கிவிட்டது. "ஈயும் அல்ல அம்மா!" என்றான்.

"ஐயோ, ஈயா? எங்கே?" என்று நர்ஸ் பதறிப்போய்த் துணியை எடுத்து வீசத் தொடங்கினாள்.

'நீயும் நல்ல அம்மா' என்று அவன் சொன்னது டாக்டருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் கோணிய வாயோடு குலுங்கினான். இருவரும் சிரித்து ஓய்ந்த பிறகே பல்லைப் பிடுங்க முடிந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவர அவன் சிரித்தபடியே கிளம்பினான். அடுத்து உள்ளே வந்தவர் டாக்டரின் ஈரக் கண்களைப் பார்த்து மிரண்டுபோனார்.

"அவ்வளவு வலிக்குமா, டாக்டர்?"

"சேச்சே, இல்லவே இல்லைங்க!" என்றவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.