ஒன்பதாம் குழியின் ஐம்பது காசு

...வளைகிறது, சத்தியமாக வளைகிறது, செங்கல் வரிசை நேராகப் போனால் பழைய சாக்கடை, வளைந்தால் பழைய செங்கல் சூளை, அமுதவள்ளி கன்னத்தை மண்ணோடு ஒட்டி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள், மேரு சாலையில் போகிறவர்கள் இந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு என்று நினைப்பார்கள், நினைக்கட்டுமே... சாலையை அகலப்படுத்துமுன் ஓரம் முழுக்கச் சோதனைக் குழி தோண்டி, மண்ணைச் சலித்து, பழையது ஏதும் இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்தால்தான் இயந்திரங்கள் வரும், அதுதான் பிழைப்பு, பதினான்கு வருடம், பதினோரு சாலை, பதினொன்றிலும் 'ஒன்றும் இல்லை', கல்யாண வீட்டில்கூட 'என்னம்மா, புதையல் கிடைச்சிதா' என்று கேட்டுச் சிரிப்பார்கள், இப்போது சிரிக்கட்டும் பார்ப்போம். காலையில் தோண்டிய குழியில் நாலு செங்கல்தான் தெரிந்தது, இரண்டு பக்கமும் அகட்டச் சொன்னாள், இப்போது பதினேழு, எல்லாம் ஒரே திசையில் குனிந்து குனிந்து சாலைக்கு அடியில் போகின்றன.

கைபேசி அடித்தது, யுகேந்திரன், சாலைப் பொறியாளர், "அமுதா, அந்த எடம் கிளியரா? அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் குடுத்துருங்க லா, நாளைக்குக் காலையில மெஷின் வருது," "இருங்க யுகேந்திரன், கூப்பிடுறேன்," என்று வைத்துவிட்டாள், நாளைக்கா, சூளை என்று எழுதினால் நாளை என்ன, மூன்று மாதத்துக்கு ஒரு மெஷினும் அசையாது, எத்தனை பேர் அவளைத் திட்டுவார்கள், திட்டட்டும்... ஒரு செங்கலை ஈரத் துணியால் துடைத்தாள், ஓரத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது, ஈர மண்ணில் எவரோ அழுத்திவிட்டுப் போன விரல், தன் விரலை அதில் வைத்தாள், பொருந்தவில்லை, சின்ன விரல், பெண்ணா? சூளையில் பெண்களும் கல் அறுத்தார்களா? பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள், ஊர்ப் பெயரிலேயே செங்கல், அறுத்த கையை ஒரு நாளாவது நினைத்தாளா, சந்தோஷத்தில் அந்த விரல் பள்ளத்தை இன்னொரு முறை துடைத்தாள்.

"அக்கா, இந்தப் பக்கம் மண்ணு லேசா வருதுக்கா," என்று நிஜாம் காலையிலேயே சொன்னான், இராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன், கிணறு வெட்டிய கை, மண்ணின் குணம் தெரியும், அவள்தான் தலைகால் புரியாத ஆட்டத்தில் காதில் வாங்கவில்லை. லேசாக வந்தால் யாரோ முன்பே தோண்டி மூடிய மண் என்று அர்த்தம், இது முதல் வருடப் பாடம். இப்போது அவன் குழிக்குள்ளிருந்து கையை நீட்டினான், "அம்பது காசுக்கா, பிளாஸ்டிக்கோட." அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. சோதனைக் குழியை மூடுமுன் அடியில் அந்த வருடத்துக் காசைப் போடுவது ஆய்வுக் குழுக்களின் வழக்கம், பின்னால் தோண்டுகிறவன் ஏமாறக்கூடாதே என்று. காசில் 2011. பைக்குள் ஒரு சீட்டு, மங்கிய மையில் 'குழி 9', தமிழில்... அந்த வருடம் இங்கே தோண்டிய குழுவில் தமிழில் எழுதியது ஒரே ஒருத்தி, அவளேதான்.

அப்போது இருபத்துநாலு வயது, முதல் வேலை, இதே சாலையை முதல் தடவை அகட்டினபோது, எந்தக் குழி எங்கே என்பதே மறந்துபோயிருந்தது, மழை பிடித்துக்கொண்டது, ஒரு மீட்டர் குழியில் மூன்று செங்கல், மூன்று செங்கலில் என்ன வளைவு தெரியும், 'பழைய சாக்கடை, முக்கியம் இல்லை' என்று எழுதினாள், பாராட்டினார்கள்கூட, சீக்கிரம் முடித்தாளாம். ஐயோ, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு பதினான்கு வருடம் நெய்க்கு அலைந்திருக்கிறாள், வெட்கமாக இருந்தது, ஆனாலும் சந்தோஷம் அடங்கவில்லை, பாதி இங்கே இருக்கிறதே, பாதி இன்னும் இருக்கிறதே! மீதிப் பாதிக்கு மேல், அன்று அவள் எழுதியதை நம்பிப் போட்ட சாலையில், ஒரு லோரி போனது, செங்கற்கள் அவள் முழங்காலுக்கடியில் அதிர்ந்தன. படிவத்தில் 'முன்பு ஆய்வு செய்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள், அழுத்தி எழுதினாள். யுகேந்திரனை அழைத்தாள். "கிளியர் இல்ல. சூளை. மெஷின நிறுத்துங்க." அவர் கத்தத் தொடங்கினார், அவள் கேட்கவில்லை, செராஸ் சாலை, பெட்டாலிங் ஜெயா சாலை என்று பதினொன்றையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்... இல்லை, இல்லை என்று எழுதினாளே, அங்கெல்லாம் நிஜமாகவே இல்லையா?