தேதி போடாத அஞ்சலி

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சுவேதா ஒரு சின்ன கடை வைத்திருந்தாள். பாஸ்போர்ட் படம் எடுப்பாள், காதுகுத்து பேனரும் அடித்துக் கொடுப்பாள். கணினியில் இருந்தது கிம்ப் என்ற இலவச மென்பொருள்தான். அதை வைத்தே செத்துப்போன அப்பாவை மகளின் கல்யாணப் படத்தில் நிற்க வைப்பாள். துபாயில் இருக்கும் புருஷனைச் சீமந்தத்துக்கு வரவழைப்பாள். படத்தைக் கையில் வாங்கியதும் சிலர் அழுதுவிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒருநாள் காலையில் ஜெயக்குமார் வந்தான். பக்கத்துத் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். மடிப்புக் கலையாத சட்டை, விரலில் கல் வைத்த மோதிரம்.

"அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒண்ணு போடணும்மா" என்றான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் இரண்டு படங்களைப் போனில் அனுப்பினான். முதல் படம் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்தது. புது சோபாவுக்குப் பின்னால் அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள்.

"சோபா நடுவுல அம்மாவ உக்கார வெச்சுடு. என் கை அவங்க தோள்மேல இருக்கணும். நாலு பேரு பாக்கறது."

இரண்டாவது படத்தைச் சுவேதா பெரிதாக்கினாள். சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகை. பழைய டயருக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே, கிழிந்த பாயில் ஒரு அம்மாள் ஒருக்களித்துக் கிடந்தாள். நைட்டி தோளில் கிழிந்து தொங்கியது. தலைமாட்டுத் தட்டில் சோறு காய்ந்து வெடித்திருந்தது. இன்னும் பெரிதாக்கினால், கடைவாயில் ஈ.

"வேற படம் இல்லியாண்ணா?"

"இல்லமா. மூஞ்ச மட்டும் வெட்டிக்க. மீதிய நீ பாத்துக்க மாட்டியா?"

என்ன நோயோ, என்ன கஷ்டமோ, நாம் எதைக் கண்டோம் என்று மனதை அடக்கிக்கொண்டு வேலையில் இறங்கினாள். முகத்தை வெட்டித் தனி லேயரில், அதாவது தனி அடுக்கில், வைத்தாள். ஈயை அழித்தாள். பாதி மூடியிருந்த கண்ணைத் திறந்துவிட்டாள். யாரோ ஒரு பெண்ணின் ஸ்டுடியோ படத்திலிருந்து அரக்குப் பட்டுப்புடவை கட்டிய உடம்பை எடுத்து முகத்துக்கு அடியில் இன்னொரு லேயராகப் பொருத்தினாள். எல்லாவற்றுக்கும் மேல் லேயரில் ஜெயக்குமாரின் கை, அம்மாவின் தோளை அணைத்தபடி. மதியத்துக்குள் அந்த அம்மாள் ராணி மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் திரும்பி வந்து பார்த்துப் பூரித்துப்போனான்.

"இறந்த தேதி சொல்லுங்கண்ணா."

"அத காலியா வுட்டுடு."

"தேதி இல்லாம எப்டிண்ணா?"

"இன்னும் ஆவலமா. இன்னிக்கோ நாளிக்கோன்னு இழுத்துகினு கீது. அப்பால சனம் வந்துகினு இருக்கும்போது பேனருக்கு எவன் அலையறது? ரெடியா இருந்தா தேதிய மட்டும் ஒட்டிக்கலாம்ல?"

சுவேதாவுக்கு மௌஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும்போல் இருந்தது. எச்சில் இலையைத் தொட்ட மாதிரி விரல்கள் கூசின. எழுந்து போ என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் பாயில் கிடப்பவளுக்கு உயிர் இருக்கிறதே.

"இந்தப் படம் பேனர் சைசுக்குத் தாங்காதுண்ணா, முகம் கட்டம் கட்டமா ஒடஞ்சுடும். நானே வந்து ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றாள்.

"தாராளமா. வூட்ல ஒய்ஃப் கீறா" என்று அவன் வழி சொன்னான்.

சுவேதா போனபோது அவன் மனைவி வீட்டு வாசலிலிருந்தே கையைக் காட்டினாள். "பின்னால போங்க. மூக்க மூடிக்கங்க, நாறும்."

நாறத்தான் செய்தது. படத்தில் அது வராமல்தானே இவ்வளவு நேரம் அவளால் வேலை செய்ய முடிந்தது! சீழும் மூத்திரமும் கலந்த அந்த வாடையில் சுவேதா கொட்டகை வாசலிலேயே குமட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரு கண்ணு?"

"போட்டோ எடுக்க வந்தேம்மா."

"போட்டோவா? எனுக்கா?" பாயில் கிடந்த அந்த அம்மாள், அமிர்தவல்லி, நைட்டியைத் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். "இரு. தலைய ஒதுக்கிக்கறேன்."

சுவேதா கேமராவைத் தரையில் வைத்துவிட்டு, பையிலிருந்த பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்தாள். அவள் குடித்த வேகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உங்களுக்கு வேற யாரும் இல்லியாம்மா?"

"ஒரு பொண்ணு கீறா, இவனுக்கு அக்கா. வேண்டான்னு பேரு. பையன் பொறக்கலியேன்ற கோவத்துல அவங்கப்பன் வெச்சது. மகாபலிபுரத்தாண்ட குப்பத்துல ஒர்த்தன இஸ்டப்பட்டுக் கட்டிகினா. அத்தோட வூட்டுப் படி ஏற வுடல. நம்பரு மனசுலயே கீது. பேசத்தான் போனு தர மாட்றானுங்க."

அவள் சொல்லச் சொல்ல சுவேதா எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மீன் ஏலத்தின் கூச்சல். விஷயத்தைச் சொன்னதும் வேண்டா கூச்சலை விட்டுத் தள்ளி வந்தாள்.

"என் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு அம்மா சொன்னதாத்தான தம்பி சொன்னான்..." என்றாள். "இரு, தோ வரேன்."

மீன் ஏற்றும் லோடு ஆட்டோவிலேயே புருஷனோடு வந்து இறங்கினாள். "சொந்தக்காரங்க இன்னா பேசுவாங்க?" என்று ஜெயக்குமாரின் மனைவி கேட்டில் நின்று தடுத்தாள். வேண்டா அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். முதுகுப் புண்ணைப் பார்த்ததும் அவள் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேண்டா திருப்பவில்லை. குழாயடியில் வைத்து அம்மாவைக் கழுவி, கொண்டுவந்த தன் புடவை ஒன்றால் சுற்றி, செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாகிற நோய் எதுவும் இல்லை என்று அங்கே சொன்னார்களாம். பட்டினியும் புண்ணும்தான். புண் ஆறியதும் அமிர்தவல்லி மகளோடு குப்பத்துக்குப் போய்விட்டாள்.

அந்தச் சேதி வந்த வாரமே ஜெயக்குமார் கடைக்கு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று சுவேதா எழுந்து நின்றாள். அவனோ சிரித்தான்.

"அம்மா தேறிட்டாங்க, கேள்விப்பட்டியா? எங்குளுக்கும் பேஜாரு வுட்டுச்சு. அந்த ஃபைல மட்டும் அழிச்சுடாத, இன்னா? எப்பனா ஆவும்ல. புடவைய மட்டும் பச்சையா மாத்திடு. சோபாவுக்கு அதான் எடுப்பா கீதுன்னு ஒய்ஃப் சொல்றா."

அவன் கண் முன்னாலேயே அவள் ஃபைலைத் திறந்தாள். முதலில் அவன் கையை அழித்தாள். பிறகு புடவையை, பிறகு முகத்தை. கடைசியில் ஃபைலையே அழித்தாள்.

"இன்னாமா பண்ற?"

"வெளிய போடா."

"இந்த ஊர்ல நீ ஒர்த்திதான் கட வெச்சிகினு கீறியா?" என்று கறுவிக்கொண்டே அவன் பைக்கை உதைத்தான். அவன் சொன்னது நிஜம்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் கேள்வி கேட்காமல் செய்து கொடுக்க ஆள் இருக்கிறது. சோப்பு போட்டுக் கை கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

அன்று சாயங்காலம் ஒரு பெரியவர் தன் மனைவியின் படத்தோடு வந்தார். அஞ்சலி பேனர் வேண்டும் என்றார்.

"எப்ப இறந்தாங்க?"

"காத்தால, கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் தேம்பித் தேம்பி அழுதார்.

அந்த அழுகை நிஜம்தானா என்று சுவேதா அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கும்படி ஆகிவிட்டதே என்பதுதான் அன்றைக்கு அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.