லல்லா பெய்யாவின் மூக்கு

நத்தையைக் கல்லால் நசுக்கும்போது வருகிற சத்தம் இருக்கிறதே, அது மொறுமொறு ரொட்டியைக் கடிக்கிற சத்தமேதான். இரண்டு மாதமாக நான் ரொட்டியை நனைத்துத்தான் தின்கிறேன்.

எல்லாம் லல்லா பெய்யாவின் மூக்குக்காக. நாபெல் ஊரில் நாரத்தம்பூ வாங்கிப் பூநீர் வடிப்பவள் அவள். பூவை ஒரு முறை முகர்ந்தால் போதும், பூச்சிமருந்தடித்த மரமா இல்லையா என்று சொல்லிவிடுவாளாம். அடித்ததென்றால் அந்த வருடப் பூ முழுவதும் குப்பைக்கு. எங்கள் மரங்களின் பூவை விட்டால் எங்களுக்கு வேறு வரும்படி கிடையாது.

அதனால் மொட்டு மொட்டாகப் பிரித்து, உள்ளே நூல் கட்டி நெளியும் புழுவைக் கையாலேயே எடுத்து நசுக்கினேன், இலையில் ஏறும் நத்தையைக் கல்லால். விரலிடுக்கெல்லாம் பச்சைக் கூழ். எத்தனை தேய்த்தாலும் பிசுபிசுப்பு போகாது. என் கணவன் மொன்ஜி ஒரு படி மேலே போனான். புழுவையும் நத்தையையும் அரைத்து, ஊறவைத்து, வடிகட்டி மரத்தில் தெளித்தான்.

"தன் இனம் செத்த நாத்தம் பட்டா அதுங்க கிட்டயே வராது, பாரு" என்றான். நானும்தான் அவன் கிட்டே போகவில்லை.

பூப்பறிப்பு வாரத்தில் லல்லா வந்தாள். கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி முகர்ந்தாள்.

"காபி கொண்டா சலூஹா. குடிச்சிட்டுச் சொல்றேன்."

கோப்பையை வைத்துவிட்டுச் சர்க்கரை எடுக்கத் திரும்பினேன். அவள் ஜன்னலில் இருந்த வைக்கோல் பின்னிய குடுவையைத் தானே எடுத்துக் காபியில் தாராளமாகச் சாய்த்தாள். வைக்கோல் குடுவை என்றால் காபியில் விடுகிற பூநீர்தான். நாபெலில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். காலிப் புட்டி கிடைக்காமல் மொன்ஜி அதில் எதை ஊற்றி வைத்திருக்கிறான் என்பது நாற்றம் வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. வெயிலில் கிடந்த செத்த எலியின் நாற்றம்.

லல்லா உறிஞ்சினாள். சப்புக்கொட்டினாள்.

"போன வருஷத்துப் பூநீரா? என்ன வாசம்டி!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் பூ விலைபோயிருக்கும். ஆனால் அவள் மறுபடி கோப்பையைத் தூக்கியபோது தாங்கவில்லை. கையைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம் லல்லா! அது புழு அரைச்ச தண்ணி!"

துப்பினாள். முந்தானைத் துணியால் நாக்கையே தேய்த்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். அவளோ வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"காய்ச்சல்ல விழுந்து எழுந்ததுலேருந்து ஒரு வாசமும் தெரியலடி. மூணு வருஷமாச்சு. வெளிய சொல்லிடாத. உன் பூ மொத்தத்தையும் எடுத்துக்கிறேன்."

"அப்ப மருந்தடிச்ச பூவ எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"மூஞ்சியப் பாத்துத்தான். எவ பயப்படுறாளோ அவ அடிச்சிருப்பா."

பக்கத்து வீட்டு மன்னூபியா பிறவியிலேயே பயந்தவள். போன வருடம் அவள் பூவை லல்லா திருப்பி அனுப்பினாள். ஒரு சொட்டு மருந்தும் அடிக்கவில்லை என்று சத்தியம் செய்து தெருவில் நின்று அழுதாள். யாரும் நம்பவில்லை, நானும்தான்.

"சரியாடி?" லல்லா கையை நீட்டினாள்.

நானும் கை கொடுத்தேன். எத்தனையோ புழுவை நசுக்கிய கைதான் அது. அப்போதெல்லாம்கூட என் கை எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை.