புதுத் தார்

குருசுக்குப்பத்து மாதா தேர் கடலோரத் தெருவில் திரும்பியதும் கண்ணையனின் மைக்செட் மறுபடியும் வாயை மூடிக்கொண்டது. இழுவண்டியில் கட்டியிருந்த இரண்டு குழாய்களும் கொர்ரென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கின. செபமாலை பாதியில் நின்றது. தேருக்குப் பின்னால் வந்த ஜனமெல்லாம் கண்ணையனைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை வாங்கிக்கொள்வதற்குப் பதில் அவன் பேசாமல் கடலில் இறங்கியிருக்கலாம்.

ஊர்வலத்தில் கரண்டுக்கு எங்கே போவது? தேரோடு கூடவே பேட்டரியும் போக வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு அதுதான் சோறு. கொடியேறிய நாளிலிருந்து இதே கூத்துதான். புறப்படும்போது கணீரென்று பாடும், நாலு தெரு தாண்டுவதற்குள் தொண்டை கட்டிக்கொள்ளும்.

"கண்ணையா, நாளைக்குப் பெரிய தேரு. நாளைக்கும் இப்டி ஆச்சின்னா இனிமே இந்தக் கோயில் பக்கமே உன்னக் கூப்புட மாட்டாங்க" என்றார் திருவிழாக் கமிட்டியில், எல்லாரும் பிரெஞ்சு மரியாதையோடு முசே என்று கூப்பிடும் அல்போன்ஸ். கத்தியிருந்தால்கூடத் தேவலை. மனுஷர் சாந்தமாகச் சொன்னார்.

மில்லில் ஆள்குறைப்பு நடந்து வெளியே வந்த பிறகு கண்ணையனுக்கு இந்த மைக்செட் ஒன்றுதான் பிழைப்பு. அவனோடு வெளியே வந்த சூசை, தேங்காய்த்திட்டுப் பக்கம் பேட்டரி சார்ஜ் கடை வைத்தான். தறியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள், ஒரே தூக்குச்சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். ஒருத்தரை ஒருத்தர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணையன் தன் பேட்டரியை வேறொரு கடை வாசலில் இறக்கியதே கிடையாது. சூசை மீட்டரை வைத்துக் காட்டுவான், முள் பன்னிரண்டைத் தாண்டி நிற்கும். கண்ணையன் அதைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் பேட்டரியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். சூசை சொன்னால் அப்புறம் என்ன பார்ப்பது?

மைக்செட் தகராறு செய்ய ஆரம்பித்தபோது யோசனை சொன்னதும் அதே சூசைதான். "பேட்டரி ஃபுல்லா இருக்குது மச்சான். ஒயர்ல எங்கியோ லூசு. உன் பொண்டாட்டி தம்பி கட்டுற லட்சணம் அப்டி."

அந்தத் தம்பி முருகையன், "பேட்டரிய ஒரு தபா பாரு மாமா" என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டான். கேட்டால்தானே! ஒயர்களை மாற்றினார்கள். குழாய்களை இறக்கி ஏற்றினார்கள். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிப் பூட்டினார்கள். அதன் பிறகும் மைக் படுத்துவிடவே, கண்ணையன் தேர்க்கூட்டத்துக்கு நடுவில் முருகையனைக் கன்னத்தில் ஒன்று விட்டான். அவன் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டு, ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனான். அதற்கப்புறம் ஒயர் கட்டியதெல்லாம் கண்ணையனேதான். அப்படியும் இன்றைக்கு நின்றுவிட்டது.

"எந் தம்பிதான் ஊட்ல கெடக்கிறானே, இன்னிக்கு யார அடிச்ச?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வீட்டில் மனைவி கமலவேணி அவன் முன்னால் தட்டை வைத்தாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு, பேட்டரியைக் கொண்டுபோய் சூசை கடையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு வந்தான்.

காலையில் முதல் வேலையாகப் போய் அதை எடுத்து வந்தான். வந்தவனுக்கு என்ன தோன்றியதோ, ஒரு பழைய லாரி ஹெட்லைட் பல்பைத் தேடி எடுத்து பேட்டரியில் மாட்டினான். பல்பு கண்ணைக் கூசும்படி எரிந்தது. அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் சற்று நேரத்தில் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறத்துக்கு வந்தது. பேட்டரி மேலிருந்த ஆறு மூடிகளையும் திருகி எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். ஐந்து செல்லில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஓரத்துச் செல் மட்டும் உலை மாதிரி கொதித்தது.

அந்த ஓரத்தைத் துணியால் துடைத்தான். மற்ற ஐந்தையும் மூடியிருந்த தார் வெளுத்து, தூசி ஏறி, வெடித்திருந்தது. இங்கே மட்டும் தார் பளபளவென்று கறுப்பாக இருந்தது. நகத்தை வைத்தான், அமுங்கியது.

தாரை உருக்கிப் பிரித்தால்தான் உள்ளே இருக்கும் செல்லை மாற்ற முடியும். பழசாக இல்லாமல் புதிதாகவே வாங்கிய பேட்டரி. வாங்கிய நாளிலிருந்து அவன் அதைப் பிரிக்கக் கொடுத்ததில்லை. சூசை கடை தவிர வெளியே எங்கும் ராத்தங்கியதில்லை.

முதலில் நினைவுக்கு வந்தது முருகையனின் கன்னம். பிறகுதான் சூசையின் முகம். எவனோ திருடன் எடுத்திருந்தால் கண்ணையன் திட்டிவிட்டுப் போயிருப்பான். இது ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்ட கை அல்லவா?

கடையில் சூசை ஒரு படகு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கண்ணையன் தன் பேட்டரியை இறக்கினான். பழக்க தோஷத்தில் சூசை மீட்டரை எடுத்து வைத்தான். "பன்னெண்டு காட்டுது பாரு மச்சான்." பல்பு எரியாதவரை முள் அப்படித்தான் காட்டும்.

கண்ணையன் விரலை அந்தத் தாரின் மேல் வைத்தான்.

சூசையின் முகம் செத்துப்போனது. மீட்டர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். "பத்திரம் எழுதுற நொத்தேர் ஐயா ஊட்டுக் கல்யாணம். காரு பேட்டரில ஒரு செல்லு போயிடுச்சி, ஒடனே வேணும்னு நின்னாங்க. உன்னுதுல எடுத்து அதுல போட்டேன். பழசு ஒண்ண இதுல வெச்சேன். ரெண்டு நாள்ல மாத்திடலாம்னுதான்…"

"இத்தன பேட்டரி கெடக்குது. எதுக்குடா என்னுது?"

சூசை தலையைத் தூக்கவில்லை. "படகுக்காரனுவ லைட்டப் போட்டுப் பாத்துட்டுதான் தூக்குவானுவ. காருக்காரனும் பாப்பான். நீதான் என்னிக்கும் பாக்க மாட்டியே."

 இத்தனை வருஷம் கண்ணையன் நம்பியதைத்தான் இவன் வசதியாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். சட்டையைப் பிடிக்கலாம் என்று பார்த்தால் கை எழவில்லை. ஒரு கன்னத்துக்கு அநியாயம் செய்த கை அது. சாயங்காலத்துக்குள் அரியாங்குப்பம் போய் முருகையனைக் கூப்பிட வேண்டும். எந்த மூஞ்சியோடு போய் நிற்பது?

சூசை உள்ளே போய் வேறொரு பேட்டரியைத் தூக்கிவந்து வைத்தான். "என் சொந்த பேட்டரி. மாதா மேல சத்தியமா ஃபுல்லா இருக்குது. எடுத்துட்டுப் போ மச்சான், தேரு நிக்கக் கூடாது." சொல்லிக்கொண்டே மீட்டரை வைத்தான்.

கண்ணையன் மீட்டரைப் பார்க்கவில்லை. பையிலிருந்த ஹெட்லைட் பல்பை எடுத்து மாட்டினான். மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து வரிசையாக வைத்தான். ஒவ்வொரு செல்லாகக் குனிந்து பார்த்தான்.

"எங் கடையில, என் கண்ணு முன்னாடியே டெஸ்ட் பண்றியா?" சூசை மீட்டரைக் கீழே வைத்தான்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. மங்கவில்லை. எந்தச் செல்லும் கொதிக்கவில்லை. வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது.

"அதான் மங்காம எரியுதே, கழட்டு மச்சான்" என்றான் சூசை.

"இருக்கட்டும்" என்றான் கண்ணையன், பல்பை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்."