சுருளிவேல் படித்துச் சொன்ன கடிதம்

சித்திரபுரத்துக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கிற வேலுத்தாய்க்கு ஐம்பத்தொரு வயது. மூத்தோர் தடகளத்தில் ஐயாயிரம் மீட்டர் ஓடுவாள். மாநிலத்தில் முதலாவதாக வந்ததால், செப்டம்பரில் போலந்தில் நடக்கும் போட்டிக்கு அழைப்பு வந்திருந்தது. குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகலாமென்று முன்பு எடுத்து, போகாமலே விட்ட பாஸ்போர்ட் ஒன்றும் அவளிடம் இருந்தது.

விசா வேலையைச் சுருளிவேல் ஏற்றுக்கொண்டான். அவள் குடியிருக்கும் அதே லயத்தில், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவன். மூணாறில் ஜீப் ஓட்டுகிறான். வெள்ளைக்காரப் பயணிகளோடு இங்கிலீஷில் பேசுகிறவன் என்று லயத்தில் அவனுக்கு ஒரு மதிப்பு. அதை அவனும் ரசித்தான்.

கொச்சியில் விசா மையத்துப் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு இங்கிலீஷில் சொன்னாள்: இது நவம்பரில் முடிகிறது, போட்டி முடிந்து கிளம்பும் நாளிலிருந்து மூன்று மாதமாவது மிச்சமிருக்க வேண்டும், புதுப்பித்துக்கொண்டு வாருங்கள், இன்னும் நேரமிருக்கிறது.

சுருளிவேல் அந்தத் தேதியைப் பார்த்திருக்கவே இல்லை. பக்கத்தில் வேலுத்தாய் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. இது போதும், எனக்குத் தெரியும் என்று இங்கிலீஷிலேயே வாதாடினான். அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு, குறை தெரிந்தே கொடுக்கிறோம் என்று அச்சடித்த தாளை நீட்டினாள்.

"இங்க ஒரு கையெழுத்துக்கா. எல்லாரும் போடுறதுதான்," என்றான் சுருளிவேல் வேலுத்தாயிடம்.

வேலுத்தாய் போட்டாள். அடுத்த அறையில் விரல்ரேகை எடுத்தார்கள். தேயிலைக் கறை ஏறித் தேய்ந்துபோன அவள் விரல்கள் மூன்று முறை மெஷினில் பதியவில்லை. நான்காம் முறை பதிந்தது.

இரண்டு வாரத்தில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது, மறுப்புக் கடிதத்தோடு. லயத்துப் பெண்கள் சுற்றி நிற்க, அவன் படித்தான். காரணம் ஒற்றை வரியில் இருந்தது.

"என்ன தம்பி போட்டிருக்கு?" என்றாள் வேலுத்தாய்.

"வெரல்ரேகை சரியா விழலையாம்க்கா."

சொல்லி முடித்தபோது அவன் காது சுட்டது. அவள் தன் கைகளை ஒரு முறை பார்த்துவிட்டு முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் அவள் வாசல் பக்கமே போகாமல் சுற்றிப் போனான். எட்டாம் நாள் காலை தப்ப முடியவில்லை. குழாயடியில் அவள் புளியும் சாம்பலும் சேர்த்து விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இப்பக் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு பாரு. இன்னொருக்கா மெஷின்ல வச்சுப் பாக்கச் சொல்லுவாங்களா?"

குடம் பிடித்துக்கொண்டிருந்த பழனாத்தாள் சொன்னாள்: "வேலையத்துப் போயித் தேய்ச்சிட்டிருக்கா. கொழுந்து கிள்ளுற கையி ஃபாரினுக்கு ஆகாதுன்னு விசாக்காரனே எழுதிட்டான்."

சுருளிவேலால் அங்கே நிற்க முடியவில்லை. போய்விடலாம் என்றுதான் திரும்பினான். ஆனால் இரண்டடி வைத்ததும் மறுபடி அவளிடமே வந்தான்.

"கையில ஒண்ணும் இல்லக்கா," என்றான். "தேய்க்காதீங்க. தப்பு என்னுது."

தேதியை, அந்தப் பெண் சொன்னதை, கையெழுத்து வாங்கிய தாளை எல்லாம் தலை நிமிராமல் சொன்னான். தண்ணீர் குடத்தில் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

"அன்னைக்கே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்க்கா."

"நேரம் இருக்குன்னு சொன்னாளா?"

"சொன்னா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். கையைக் கழுவினாள். "இவுங்க எல்லாம் எட்டு நாளா அவுங்கவுங்க கையப் பாத்துக்கிட்டிருக்காங்க," என்றாள். "அந்தக் கடுதாசியக் கொண்டாந்து பெரட்டுல படி. உள்ளது உள்ளபடி."

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், அறுபது பெண்களுக்கு முன்னால் அவன், பாஸ்போர்ட்டில் போதிய காலம் மிச்சமில்லை என்ற அந்த வரியை இங்கிலீஷிலும் தமிழிலும் படித்தான். அவன் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்றாள், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலந்துப் போட்டி அவளில்லாமல் முடிந்தது. அக்டோபரில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேலுத்தாய் கிளம்பினாள். சுருளிவேல் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, "நான் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றான்.

"வேண்டாம் தம்பி. கௌசிகா வாரா."

பத்தாவது படிக்கும் மகளோடு அவள் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் கௌசிகா விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். வேலுத்தாய் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை. பஸ் வளைவில் மறைந்த பிறகும் சுருளிவேல் ஜீப்பை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.