தட்டுகிறவள்

காலையில் காரை வெளியே எடுப்பதற்குள் டிரைவிங் மாஸ்டருக்கு வியர்த்து வழிந்துவிடும். ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் சொந்த வீட்டு வாசலைத் தாண்டத்தான் அவ்வளவு திணறுவார். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே மழைநீர்க் கால்வாய் ஓடியது. அதன் மேல் போட்டிருந்த சிமெண்ட் பலகை, பயிற்சிக் கார் ஏறி ஏறி உடைந்துகொண்டே இருந்தது. கடைசியாக வந்த கொத்தனார் ஒரு யோசனை சொன்னார்.

“மேல எத்தனை பலகை போட்டாலும் நிக்காது சார். அடியில செங்கல், ஜல்லி எல்லாம் கொட்டி கெட்டிப்படுத்திடுவோம். அப்புறம் லாரியே ஏறலாம்.”

“தண்ணி?”

“அது எப்படியாவது போயிடும் சார்.”

மாஸ்டருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. மறுநாள் கார் வழுக்கிக்கொண்டு வெளியே போனது.

அடுத்த மழைக்குத் தண்ணீர் போகவில்லை. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவின் வாசலில் குளம் கட்டி நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். மாஸ்டர் தன் பக்கம் தரையை உயர்த்திக் கட்டியிருந்தார். அந்தம்மாவுக்கு அதற்கு வசதியில்லை. தெருவை மேலே மேலே போட்டதில் அவள் வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. வாதம் வந்து கை கால் விழுந்த கணவர் உள்ளே கட்டிலில் கிடந்தார். அவள் தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டினாள்.

மழை விட்டதும் அவள் வந்து நின்றாள். “அண்ணே, உங்க வாசலுக்குக் கீழ ஏதோ அடைச்சிருக்குன்னு நினைக்கிறேன். பலகைய ஒருதரம் தூக்கிப் பாத்துடலாமா?”

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நேரம் பார்த்து, காலடியில் சத்தம் கேட்டது. தேங்கிய தண்ணீரில் ஏதோ கட்டையோ டப்பாவோ பலகையின் விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது. டொக். கொஞ்சம் பொறுத்து, டொக், டொக்.

“கேட்டியாம்மா?” என்றார் மாஸ்டர், குரலைத் தாழ்த்தி. பொய் அதுவாகவே வாயில் வந்து விழுந்தது. “இத மட்டும் தொறக்கக் கூடாது. இந்தக் காவாய் வெட்டும்போது சித்தாள் பொண்ணு ஒருத்தி உள்ள விழுந்துட்டா. பாக்காம மேல பலகைய மூடிட்டாங்க. மழை பெஞ்சா தட்டுவா.”

அவள் முகம் வெளுத்துப்போனது. திரும்பிப் போனாள். உள்ளே வந்த மாஸ்டர் தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

கதைக்குக் கால் முளைக்க நேரமாகவில்லை. தெருவில் அந்தப் பேய்க்குத் ‘தட்டுறவ’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒருவர் அவள் வளையல் சத்தத்தைக் கேட்டார். இன்னொரு வீட்டில் குளியலறை ஓட்டை வழியாக நீள முடி மேலே வந்ததாம். தூர்வார வந்த நகராட்சி ஆட்கள் கதையைக் கேட்டதும் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். பேய் காவல் இருக்கும் கால்வாயை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? அந்தத் தைரியத்தில் எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் தன் பக்கத்துக் கால்வாயை மூடிப் படி கட்டினார். அதற்கடுத்த வீட்டில் பூச்செடி வைத்தார்கள். அடியில் எதைக் கொட்டி அடைத்தார்கள் என்பது அவரவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

மாஸ்டரின் மனைவி குளியலறை ஓட்டையின் மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தாள். கல்லூரிக்குப் போகும் மகள், மழை நாளில் அம்மா துணைக்கு நிற்காமல் குளிக்க மாட்டாள். முதலில் மாஸ்டர் உள்ளுக்குள் சிரித்தார். ஒரு மழைநாளில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது, தட்டும் சத்தத்துக்கு நடுவே யாரோ மூச்சு வாங்குவது போலக் கேட்டது. தண்ணீர் காற்றைத் தள்ளுகிறது என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் கால் கேட்கவில்லை. அதிலிருந்து அவர் அந்தப் பலகையை மிதிப்பதை விட்டுவிட்டுத் தாண்டிக் குதிக்க ஆரம்பித்தார். தானே கட்டிவிட்ட பேய்க்குத் தானே பயப்படும் மனிதரை என்னவென்று சொல்வது!

இரண்டு வருஷம் இப்படியே போனது. அடுத்த வருஷம் மழை நாள்கணக்கில் பெய்தது. ஒருநாள் மதியச் சாப்பாடு முடிவதற்குள் வானம் இருண்டு, எதிர்வீடே தெரியாமல் கொட்டியது. மின்சாரம் போனது. கைபேசியில் சிக்னலும் போனது. மூன்று பேரும் ஹாலில் ஒரே சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

டொக்.

எப்போதும் அது வாசலில்தான் கேட்கும். இப்போது வீட்டுக்குள் கேட்டது, சுவருக்குள்ளிருந்து. ஆணியில் தொங்கிய கல்யாணப் போட்டோ லேசாக அதிர்ந்தது.

டொக். டொக். டொக்.

“என்னங்க, உள்ள வந்துட்டா” என்றாள் மனைவி. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து அடுத்த வீட்டிலும் சாத்தினார்கள். சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

மாஸ்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இருட்டுக்குள் அந்தத் தட்டுறவளின் முகமே தெரிவது போலிருந்தது. அந்த முகத்தை இதற்கு முன் எங்கே பார்த்தோம் என்று யோசித்தவருக்குச் சுரீரென்றது. எங்கேயும் பார்த்ததில்லை. அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது. அவள் இல்லையென்றால், தட்டுவது யார்?

பேய் இருக்கிறது என்ற பயத்தைவிட, பேய் இல்லை என்ற நினைப்பு அவரை அதிகமாக நடுக்கியது.

அவர் எழுந்தார். மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். “கதவைத் தொறக்காதீங்க! அவ கூப்பிடுறா, போயிடாதீங்க!”

“அது பக்கத்து வீட்டம்மா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தட்டுறவன்னு யாருமே இல்ல. அந்தக் கதைய விட்டதே நான்தான். காவாய அடைச்சது தெரியக் கூடாதுன்னு சொன்ன பொய்.”

மனைவி அவரையே பார்த்தாள். “இத்தனை வருஷமா நான் ஓட்டை மேல செங்கல் வச்சிட்டிருக்கேன்” என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு பிடித்த கையை விட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் கூடவே இறங்கினாள்.

வெளியே மாஸ்டர் கண்ட காட்சி அவரை ஒரு நொடி நிறுத்தியது. வாசலின் மேல்பக்கம் கால்வாய் நிரம்பி, தண்ணீர் அருவிபோலத் தையற்காரம்மாவின் வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாசலின் கீழ்ப்பக்கம் கால்வாயின் தரை தெரிந்தது. அவ்வளவு மழையிலும் அங்கே கணுக்கால் தண்ணீர்கூட இல்லை.

பக்கத்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இருட்டில் கண் பழகியதும் மாஸ்டருக்கு உயிரே போனது. அறை முழுக்கக் குழந்தைகள் கைகளை விரித்துக்கொண்டு குப்புற மிதந்தார்கள். தலையில்லாத குழந்தைகள். தைத்து வைத்த பள்ளிக்கூடச் சட்டைகள் என்று புரிய ஒரு கணம் பிடித்தது. அவற்றை விலக்கிக்கொண்டு நடந்தார்.

கட்டில் முங்கிவிட்டது. தையற்காரம்மா ஒரு கையால் கணவரின் தலையைத் தண்ணீருக்கு மேல் தாங்கிப் பிடித்திருந்தாள். மறு கையில் இஸ்திரிப் பெட்டி. அதைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்த பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. மாஸ்டரின் மனைவி போய்ப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

மூவரும் சேர்ந்து அவரைத் தூக்கி வந்து மகளின் கட்டிலில் போட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. மகள் துண்டால் அவர் கால்களைத் தேய்த்துக்கொண்டே அழுதாள்.

மாஸ்டர் அங்கே நிற்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கித் தன் வாசலை இடிக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டு ஜன்னல்கள் திறந்தன.

“மாஸ்டர், வேணாம்!” என்று மளிகைக்கடைக்காரர் அலறினார். “தொறந்தா அவ வெளிய வந்துடுவா!”

“உள்ள யாருமில்லய்யா!” மாஸ்டரும் கத்தினார். “நான் கொட்டின கல்லும் மண்ணும்தான் இருக்கு. பேயின்னு சொல்லி உங்கள ஏமாத்தினேன். மழைத் தண்ணி போற வழிய அடைச்சா அது காணாமப் போயிடாது, அடுத்த வீட்டுக்குள்ள போகும். நம்ம வாசல் நல்லா இருந்தா போதும்னு நினைச்சேன். இங்க ஒரு உயிரு போகப் பாத்துச்சு. உங்க வாசலுக்குக் கீழ என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும். வந்து தொறங்க!”

யாரும் அசையவில்லை. கடைசிப் பாளம் பெயர்ந்ததும் தேங்கிய தண்ணீர் ஓவென்று இரைந்துகொண்டு கீழே ஓடியது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையிலும் ஒரு கடப்பாரை இருந்தது.

மாஸ்டர் நிமிர்ந்தபோது தையற்காரம்மா கேட் அருகே நின்றிருந்தாள். அவர் கத்தியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது. மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிச்சிடும்மா.”

அவள் கோபப்படவில்லை. குளிரில் பல் கிட்டியதால் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

“நிஜமாவே பேயா இருந்திருந்தாக்கூட பரவாயில்லண்ணே. அதுக்குப் பயந்து நாங்க அன்னைக்கே வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிருக்கணும். பக்கத்துல நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தானே இங்கயே இருந்துட்டோம்.”