இருபத்தேழாம் நம்பர் வண்டியைப் பார்க்கும் வழி

நர்ஸ் என்பதால் ஊருக்கே சிஸ்டராகிவிட்டவளின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அன்று சாப்பாட்டைத் தவிர எல்லாம் இருந்தது. விரித்த வரைபடம் ஒன்று, நுழைவுச்சீட்டு இரண்டு, கார்க் கண்ணாடியில் ஒட்ட ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், இத்தனைக்கும் மேலே கவிழ்ந்தபடி அவளுடைய தம்பி. தம்பி பஸ் டெப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பும், எப்போது சேரும் என்று சொல்லியே முடி நரைத்தவன்.

"அக்கா, இதுல குழப்பமே இல்ல," என்றான். அவன் அப்படிச் சொன்னால் குழப்பம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கார் ராலி என்றால் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது என்றுதான் சிஸ்டர் நினைத்திருந்தாள். அப்படி இல்லையாம். காட்டுப் பாதை ஒன்றைக் கொஞ்ச தூரத்துக்கு அடைத்துவிடுவார்களாம். வண்டிகள் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அதில் பறக்குமாம். பறந்து முடித்ததும் பால் வண்டியும் மணல் லாரியும் போகிற சாதாரண ரோட்டில் சாதுவாக ஓடி அடுத்த காட்டுப் பாதைக்குப் போகுமாம். காலையில் ஓடிய பாதையிலேயே மதியம் மறுபடி ஓடுமாம். இருபத்தேழாம் நம்பர் வண்டி இருபத்தேழாவதாக வராதாம், பத்தொன்பதாவதாக வருமாம்.

"அப்ப நம்பர் எதுக்குடா?"

"அழகுக்கு."

அந்த இருபத்தேழாம் நம்பர் வண்டியில்தான் சிஸ்டரின் மகள் இருந்தாள். ஓட்டுவது அவள் இல்லை. ஓட்டுவது டயர் கடைக்காரரின் மகன். இவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வளைவு இடதா வலதா, பெரிதா சிறிதா என்று வழி சொல்கிறவள். சிஸ்டருக்குப் பொறுக்காதது அதுதான். ஏனென்றால் இந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் இடது வலது தெரியாது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை அட்டைகளைக் கட்டி வரும் ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து வந்து, "இது இருக்கிற கைதான் இடது," என்று மணிக்கட்டில் மாட்டிவிட்டவளே சிஸ்டர்தான். தாய்மாமன் அவளுக்கு 'இடவலம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டான். அந்த இடவலம் இன்றைக்கு ஒருவனுக்கு வழி சொல்கிறாள். அதுவும் கண்மண் தெரியாத வேகத்தில்.

சிஸ்டருக்கு வேலை விபத்துப் பிரிவில். வேகமாகப் போனவர்கள் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வரப்படுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் அவளுடையவை. மகளை வேண்டாம் என்று தடுத்தாள், திட்டினாள், இரண்டு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தாள். கடைசியில் மகள் ஒரு வழி சொன்னாள். "ஒரே ஒரு தடவை வந்து பாரும்மா. பாத்துட்டு வேணாம்னு சொன்னா விட்டுடறேன். பாக்காம சொன்னா கேக்க மாட்டேன்."

நியாயம்தான். 'வேண்டாம்' என்ற சொல் சிஸ்டரின் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. அதைச் செல்லுபடியாக்க ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கணவரைக் கேட்டாள். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்தபடியே அவர், "நீ என்ன சொல்றியோ அதான் என் அபிப்பிராயம்," என்றார். முப்பது வருஷமாக அவருக்கு இருக்கும் ஒரே அபிப்பிராயம் அது.

கிளம்புவதற்கு முன்தினம் மகள் போன் செய்தாள். "மாமா, வண்டி வர்ற நேரத்துக்கு வராதீங்க. ரொம்ப முன்னாடியே வந்து உக்காந்துடுங்க."

"எனக்கேவா?" என்று டைம்கீப்பர் சிரித்தான். "வண்டி வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி ஸ்டாப்ல நின்னாப் போதும். நான் அரை மணி நேரம் முன்னாடியே நிறுத்தறேன், போதுமா?"

மகள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான். அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

மறுநாள் சொன்னபடி சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். அங்கே பாதையின் குறுக்கே ஒரு கயிறும், கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒரு பெண்ணும் இருந்தார்கள். பாதைக்குக் காவல் நிற்பவர்களை மார்ஷல் என்பார்களாம்.

"ரோடு மூடியாச்சுங்க."

"இருபத்தேழு வர இன்னும் அரை மணி நேரம் இருக்கே," என்றான் டைம்கீப்பர், கைக்கடிகாரத்தைக் காட்டி.

"வண்டி எப்ப வந்தா என்னங்க? ரோட்டை விடியக்காலையிலயே மூடிட்டோம். மூடினப்புறம் யாரும் உள்ள போகவும் முடியாது, வெளிய வரவும் முடியாது."

டைம்கீப்பரின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டி வருவதற்கு இத்தனை மணி நேரம் முன்னாலேயே ரோட்டைப் பூட்டி வைக்கிற ஊர்வலத்தை அவன் டெப்போவில் கண்டதில்லை.

"வேற வழி இருக்காம்மா?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"மேற்கு வாசல்ல கேட்டுப் பாருங்க."

மேற்கு வாசலில் மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, இது கிழக்கு வாசலுக்கு உரியது என்றார்கள். கிழக்கு வாசலில், வண்டி நிறுத்துகிற இடம் நிரம்பிவிட்டது, இனி பஸ்ஸில்தான் வர வேண்டும் என்றார்கள். பஸ் எங்கே என்றால், மேற்கு வாசலில். வழியில் கேட்ட ஆட்களோ ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். ஒருவர் மட்டும் தனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னார். சிஸ்டருக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நடுவில் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கிழிகிற துணி போல ஆரம்பித்து, பெரிதாகி, தேய்ந்து போனது. பிறகு இன்னொன்று. சிஸ்டர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றாள். புதரும் மேடும்தான் தெரிந்தன.

"டேய், இதுல எதுடா நம்ம வண்டி?"

"இதா இருக்கலாம்," என்றான் டைம்கீப்பர். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, அதா இருக்கலாம்," என்றான்.

"உன்னை நம்பித்தான் அத்தனை பஸ்ஸும் ஓடுதா?" என்றாள் சிஸ்டர். அவன் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டான். அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது, ஆனால் கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. பார்க்கவில்லை என்றால் சொல்ல முடியாது. சொல்லவில்லை என்றால் அந்தப் பெண் நிறுத்த மாட்டாள். இன்னொரு ராலி, அதற்கப்புறம் இன்னொன்று. என்றைக்காவது ஒரு நாள் தான் பணியில் இருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஸ்ட்ரெச்சர் வரும். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் துணிவில்லை.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலச் சுற்றிவிட்டு ஒரு வழியாகப் பெரிய ரோட்டுக்கு வந்தால், ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு மணல் லாரி, ஒரு பால் வண்டி. டைம்கீப்பர் எஞ்சினை அணைத்தான். சிஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. மேலெல்லாம் செம்மண். கதவில் அழுக்குக்கு நடுவே இருபத்தேழு.

"அம்மா?"

மகள்தான். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். முகத்தில் கண்ணைச் சுற்றி மட்டும்தான் தோல் நிறம் தெரிந்தது.

"ரேஸ் வண்டி கேட்டுல நிக்குமா?" என்றுதான் சிஸ்டரின் வாயில் முதலில் வந்தது.

"ஊர் ரோட்டுல நாங்களும் மத்த வண்டி மாதிரிதாம்மா. பாத்தியா? நல்லா ஓட்டினோம்!"

"எங்க பாத்தேன்? ரோட்டை மூடிட்டாங்க."

மகளின் முகம் ஒரு கணம் வாடியது. மாமாவைப் பார்த்தாள். மாமா ஸ்டியரிங்கைப் பார்த்தான். தூரத்தில் ரயில் கூவியது.

"சரி, கவனமா கேளுங்க," என்றாள். குரல் மாறிவிட்டது. "மதியம் அதே பாதையில மறுபடி ஓடுறோம். கேட் தாண்டினதும் நேராப் போங்க. பெட்ரோல் பங்க் வரும், திரும்பாதீங்க. அதுக்கப்புறம் தண்ணி டேங்க். டேங்க்கை ஒட்டி ரோடு ரெண்டாப் பிரியும்." இங்கே அவள் ஒரு நொடி நிறுத்தினாள். வலது கை விரல் இடது மணிக்கட்டைத் தொட்டது. "இடது. பாதி உடைஞ்ச சுவர் வரைக்கும் போய் வண்டியை விட்டுட்டு, ஒத்தையடிப் பாதையில மேட்டு மேல ஏறுங்க. பின்பக்கமாப் போறதால ரோடு மூடினாலும் அந்த இடத்துக்குப் போகலாம். நீலக் கயித்துக்கு உள்ள உக்காந்துடுங்க. எழுந்திருக்காதீங்க."

சிஸ்டர் அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். அதில் ஒரு ரப்பர் பேண்ட் இருந்தது. பழசு, வெளுத்துப் போயிருந்தது.

ரயில் போனதும் கேட் திறந்தது. இருபத்தேழு முன்னால் போய்விட்டது. சிஸ்டர் அந்த மணிக்கட்டையே நினைத்தாள். அப்படியானால் இவளுக்கு இடது வலது இன்னும் தெரியாது! இத்தனை வயதாகியும் தெரியாது. தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறாள்.

பெட்ரோல் பங்க் வந்தது. தண்ணீர் டேங்க் வந்தது. ரோடு இரண்டாகப் பிரிந்தது. டைம்கீப்பர் வண்டியை நிறுத்திப் போனில் வரைபடத்தைப் பார்த்தான்.

"அக்கா, இது வலதுங்குதே. வலதுதான் தார் ரோடு. இடது பக்கம் ஒண்ணுமே இல்ல, முள்ளுதான்." கொஞ்சம் தயங்கி, "அவ இடவலம்தானே," என்றான்.

சிஸ்டர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். வலது பக்கம் பளபளவென்று இருந்தது. இடது பக்கம் மாடுகூட யோசித்துத்தான் போகும். போன் ஒன்று சொல்கிறது, தம்பியும் அதையே சொல்கிறான், தன் இருபது வருஷ நினைப்பும் அதையே சொல்கிறது. இன்னொரு பக்கம், ஒரு நொடி நிறுத்தி மணிக்கட்டைத் தொட்டுவிட்டுச் சொன்ன ஒரே ஒரு சொல். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் தானும் அப்படித்தான் புட்டியின் பெயரை விரலால் தொட்டுப் படிப்பது அவள் நினைவுக்கு வந்தது. தெரியாமல் இல்லை. தவறிவிடக் கூடாது என்றுதான்.

"இடது," என்றாள்.

"அக்கா..."

"இடதுன்னா இடதுடா."

முள் கீறிக் காரின் பெயின்ட் போனது. டைம்கீப்பர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தான். அப்புறம் பாதி உடைந்த சுவர் வந்தது. ஒத்தையடிப் பாதை வந்தது. மூச்சு வாங்க மேட்டில் ஏறினால், நீலக் கயிறு. கயிற்றுக்குக் கீழே செம்மண் பாதை வளைந்து கிடந்தது.

இருவரும் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கவே இல்லை. டைம்கீப்பருக்குப் பசி. சிஸ்டர் பையிலிருந்து பிஸ்கட்டைக் கொடுத்து உட்கார வைத்தாள். வெயில் முதுகுக்குப் போனபோது முதல் வண்டி வந்தது. அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். நடுவில் ஒரு வண்டி வராமல் போய், எண்ணிக்கை பதினாறா பதினேழா என்று பக்கத்தில் இருந்தவரோடு சண்டைக்குப் போனான். அந்தச் சண்டையின் நடுவில்தான் இருபத்தேழு வந்தது.

சிஸ்டர் பார்த்தாள். கண் இமைக்கிற நேரம்தான். வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு நேராக அவள் மேலேயே வருவது போல வந்தது. உள்ளே மகள் குனிந்திருந்தாள். ரோட்டைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த வளைவுக் குறிப்பு நோட்டைப் படித்தாள், உதடு அசைந்தது. அது அசைந்த பிறகுதான் வண்டி திரும்பியது. அப்புறம் புழுதி. புழுதி அடங்கியபோது பாதை காலியாக இருந்தது.

"பாத்தியா அக்கா? பாத்தியா?"

"பாத்தேன்னுதான் நினைக்கிறேன்," என்றாள் சிஸ்டர். நாக்கு நுனியில் இருந்த சொல்லைத் தேடினாள். அது அங்கே இல்லை. வேறு எந்தச் சொல்லும் அதன் இடத்துக்கு வந்திருக்கவும் இல்லை.

மாலையில் வண்டிகளைக் கழுவிச் சரிசெய்கிற பெரிய திடலில் மகளைப் பார்த்தார்கள். அங்கே மட்டும் யார் வேண்டுமானாலும் போகலாம் என்பதால், அதைக் கண்டுபிடிக்க டைம்கீப்பருக்கு இரண்டே சுற்றுதான் ஆனது. டயர் கடைக்காரர் மகன் சக்கரத்தடியில் படுத்திருந்தான். மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். மாமா தானாகவே நகர்ந்து போய் ஒரு வண்டியின் டயரை ஆராய ஆரம்பித்தான்.

"சொல்லும்மா. நீ என்ன சொன்னாலும் சரி."

"பயமா இருக்கு," என்றாள் சிஸ்டர். "பாக்கறதுக்கு முன்னாடி இருந்ததைவிட இப்ப அதிகமா இருக்கு. ஒண்ணுமே புரியல எனக்கு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப விட்டுடட்டுமா?"

சிஸ்டர் கைப்பையைத் திறந்து துழாவினாள். மாத்திரை அட்டைகள் இரண்டைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டை உருவினாள். புதுசு, நல்ல கெட்டி. "அது அறுந்துடும் போல இருக்கு. பாதி வழியில அறுந்தா என்ன பண்ணுவ? கையைக் கொடு," என்று சொல்லி, மகளின் கையைப் பிடித்து அதில் மாட்டினாள். மாட்டும்போது கண்ணை நீர் மறைத்தது.

மகள் சத்தம் போட்டுச் சிரித்தாள், அழுகையும் கலந்திருந்தது.

"அம்மா, அது வலது."